இடுப்பில் கட்டிய ஹேண்டில்

மரச்சுத்தியலால் அடித்ததுதான் தப்பு என்று பிறகு படகு மேடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கையால் அடித்திருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எப்போதாவது யாரிடமாவது அடி வாங்கியவர்கள்தான். ஆனால் பலகை இடுக்கில் பஞ்சுத் திரி ஏற்றுகிற சுத்தியலை எடுத்து, குனிந்திருந்த மனைவியின் தம்பியைக் காதுக்கு மேலே ஒரு போடு போட்டது, அவனைத் தெரிந்தவர்களுக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அடித்தவனுக்கு மேடையில் 'சுத்தியல்' என்று பெயர் விழுந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவனுக்கும் மறுநாளே ஒரு பல் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை.

படகை மேலே இழுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அடிப்பலகையில் ஒட்டிக்கிடந்த சிப்பிகளைச் சுத்தியலும் மச்சினனும் இரண்டு நாள் மல்லாந்து படுத்துச் சுரண்டினார்கள். கண்ணிலும் வாயிலும் சிப்பித் தூள். இடுக்குகளில் திரி அடித்து, பட்டி பூசி, சிவப்புச் சாயம் அடித்து முடித்தார்கள். மிச்சமிருந்தது பேக்கிங் மட்டும். நீருக்கடியில் விசிறியைச் சுற்றுகிற இரும்புத் தண்டு, படகுக்குள்ளிருந்து வெளியே போகிற இடத்தில் ஒரு பித்தளைக் குழல் உண்டு. அதற்குள் கிரீஸ் ஊறிய கயிற்றைத் திணித்து இரண்டு நட்டால் இறுக்க வேண்டும். தளர்ந்தால் கடல் உள்ளே வரும். அதிகம் இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். கயிற்றை வளையம் வளையமாக நறுக்கி, ஒன்றின் வெட்டுக்கு நேராக இன்னொன்றின் வெட்டு வராமல் மாற்றி மாற்றி வைப்பதுதான் முறை. நறுக்கச் சோம்பல்படுகிறவன் முழுக்கயிற்றையும் சுருட்டி உள்ளே திணிப்பான். அந்தப் படகில் ஏறுகிறவன் வாளியோடுதான் ஏற வேண்டும்.

அந்த வேலையை மச்சினனிடம் விட்டிருந்தான். இருபத்தெட்டு வயது. எதையும் இழுத்து இழுத்துச் செய்வான். ஆனால் திரும்பச் செய்ய வைக்க மாட்டான். சுத்தியல் வந்து குனிந்து பார்த்தபோது, குழலின் வாயிலிருந்து ஒரு முழம் கயிறு வால் மாதிரித் தொங்கியது.

"இதுக்குப் பேரு பேக்கிங்கா?"

"மாமா, அது வந்து..."

வந்து என்ன என்று கேட்கிற பொறுமை அவனுக்கு இல்லை. பக்கத்தில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்தான். அடித்துவிட்டான். மச்சினன் சாய டப்பாவின் மேல் சரிந்தான். சிவப்பு எது சாயம், எது ரத்தம் என்று தெரியாமல் நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"ஷாப்ட் பேக்கிங் வைக்கத் தெரியாதவன் எல்லாம் கடலுக்கு வரான்," என்று அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான். மச்சினன் துண்டைத் தலையில் அழுத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு, எல்லாவற்றையும் பிடுங்கித் தானே வைப்பது என்று சுத்தியல் நட்டைக் கழற்றினான். உள்ளே மூன்று வளையம். மூன்றும் சாய்வாக நறுக்கியவை. வெட்டுகள் மூன்றும் மூன்று திசையில். தொங்கிய வால், அடுத்த முறை அளவுக்காக நட்டின் பின்னால் செருகி வைத்த மிச்சக் கயிறு. வேறொன்றுமில்லை. அவன் வைத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. அக்கம்பக்கம் பார்த்தான். ஒருவரும் கவனிக்கவில்லை. இருந்தபடியே மூடி, புதுக் கிரீஸ் தடவி, நட்டை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் அவன் பெண்டாட்டி தம்பியின் தலைமுடியைக் கத்தரித்து, காயத்தை வெந்நீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகள் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"எதால அடிச்சீங்க?" என்றாள் பெண்டாட்டி, திரும்பிப் பார்க்காமல்.

அவன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான்.

"கேக்குறேன்ல."

"மரச்சுத்தியல்."

"நல்லவேளை. இரும்புச் சுத்தியல் பக்கத்துல இல்லபோல."

"இருந்துச்சுக்கா," என்றான் மச்சினன். "மாமா பாத்துத்தான் எடுத்தாரு."

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா தலையில எதுக்குப்பா அடிச்ச? மாமா என்ன மீனா?"

மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் காயம் இழுத்து முகம் கோணியது. பெண்டாட்டி சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து கணவனுக்கு நேரே நின்றாள்.

"பேக்கிங் தப்புன்னா வாயால சொல்லணும். வாய் எதுக்கு இருக்கு? சோறு திங்க மட்டுமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். தப்பில்லை, சரியாகத்தான் வைத்திருந்தான் என்று ஒரு வரி. அது தொண்டை வரைக்கும் வந்தது. சோற்றை விழுங்குகிற மாதிரி விழுங்கினான்.

"ஒரு தடவதான் சொல்லுவேன்," என்றாள். "இனிமே இவன் உடம்புல உங்க கையால ஒரு கீறல் விழுந்தாலும் நான் பொண்ணக் கூட்டிட்டு எங்க பெரியக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராதீங்க. வந்தா கதவு திறக்காது."

அவள் மிரட்டுகிற ரகம் இல்லை. பெற்ற தாயோடு ஒரு பேச்சுக்காக ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவள். சொல்வதற்கு முன் அளப்பாள். சொன்ன பிறகு ஒரு அங்குலம் நகர மாட்டாள். சுத்தியலுக்கு அது தெரியும். அந்த வீட்டில் அவன் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

"நாளைக்கு நீ வரவேண்டாம். தனியா போறேன்," என்றான் மச்சினனைப் பார்த்து.

"தனியா போயி? ஒரு கையில சுக்கான், ஒரு கையில தூண்டில் நரம்பு, வாயில கொக்கிக் கம்பா?" என்றான் மச்சினன். "வரேன்."

மீன் வந்திருந்த நாட்கள் அவை. வருஷத்தில் மூன்று வாரம்தான் வஞ்சிரம் கரைக்கு அவ்வளவு கிட்டே வரும். தலையில் கட்டு இருக்கிறதென்று வீட்டில் உட்கார முடியாது.

விடியும்போது படகு தண்ணீரில் இருந்தது. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். இரும்பு ஹேண்டிலை மாட்டி, ஒரு கையால் லிவரைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் சுழற்றி, வேகம் வந்ததும் லிவரை விட்டால் 'டப்' என்று பிடிக்கும். சுத்தியல் ஒரே சுற்றில் பிடிக்க வைத்தான். மச்சினன் குனிந்து குழலைப் பார்த்தான். சொட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொட்டு. வேண்டிய அளவுதான். அவன் நட்டை ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்துவிட்டு, இரை வெட்ட உட்கார்ந்தான்.

கானாங்கெளுத்தியின் வயிற்றுப் பக்கத்தை வாலிலிருந்து மேலே கத்தியை ஓட்டி ஒரே இழுப்பில் உரித்தெடுப்பான். ஒரு சாண் நீளம். முன்பக்கம் அகலம், பின்பக்கம் போகப் போக ஒல்லி. தோலில் ஒட்டின சதையை மெல்லியதாகச் சீவி, வால் பக்கத்தை நடுவே ஒரு விரற்கடை கீறிவிடுவான். இரண்டு தூண்டில், ஒன்றின் பின்னால் ஒன்று; முதலாவதை முன்முனையின் நட்டநடுவில் குத்த வேண்டும். ஒரு நெல்லளவு தள்ளினாலும் இரை தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். சுற்றுகிற இரையை வஞ்சிரம் திரும்பிக்கூடப் பார்க்காது. மச்சினன் ஒவ்வொன்றையும் படகோரமாகத் தண்ணீரில் இழுத்துப் பார்த்தான். நேராக, உயிருள்ள மீன்போல் நெளிந்துகொண்டு வந்த பிறகுதான் நரம்பை விட்டான். இரண்டு பக்கம் நீட்டின மூங்கிலில் ஒவ்வொன்று, பின்னால் நடுவில் ஒன்று. படகு நடை வேகத்தில் போயிற்று. கரை ஒரு கோடாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. போனில் சிக்னல் அதற்கு முன்பே போய்விட்டது.

இரண்டு மணி நேரத்தில் இருவரும் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது. "இடது." "விடு." "கொக்கி." ஐந்து வஞ்சிரம், ஒரு சீலா. மீன் கிட்டே வந்ததும் சுத்தியல் கொக்கிக் கம்பைச் செவுளுக்குப் பின்னால் மாட்டித் தூக்கிப் போடுவான். மச்சினன் கட்டையால் மண்டையில் ஒரே அடி. கண்ணுக்கு நடுவே, சத்தம் ஈரமாக வரும். மீன் வால் முனைவரை நடுங்கி அடங்கும். ஆறாவது மீனை மட்டும் அவன் மூன்று தடவை அடித்தான். முதல் அடியிலேயே அது செத்திருந்தது.

"செத்துருச்சு," என்றான் சுத்தியல்.

"பாத்தேன்," என்றான் மச்சினன்.

வெயில் ஏறின நேரத்தில் நடு நரம்பு விண்ணென்று விறைத்தது. மச்சினன் பாய்ந்து பிடித்தான். உள்ளங்கைக்குக் கொடுத்த தோல் துண்டில் உரசி, நரம்பு சீறிக்கொண்டு ஓடியது.

"பெருசு மாமா. நேரா விடுங்க. திருப்பாதீங்க."

நேராக விட்டிருக்க வேண்டும். மீன் இடப்பக்கம் வெட்டியதைப் பார்த்த சுத்தியல், அதை முந்திவிடலாம் என்று சுக்கானைத் திருப்பி, அதோடு நில்லாமல் பின்கியரையும் போட்டான். மீன் படகுக்கு அடியில் புகுந்தது. தளர்ந்த நரம்பை விசிறி வாரிச் சுருட்டியது. இன்ஜின் ஒரு முறை முக்கி, இருமி, நின்றது. திடீரென்று வந்த அமைதியில் அடிப்பலகையில் மீன் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மச்சினன் அறுந்த நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையே திட்டின மாதிரி இருந்தது.

சுக்கான் பிடித்தவன்தான் கீழே இறங்க வேண்டும். அது எல்லாப் படகிலும் உள்ள வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. கீழே போகிறவன் ஹேண்டிலைக் கழற்றி, இன்ஜின் பெட்டியின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு இறங்குவான். அவன் விசிறியில் கை வைத்திருக்கும்போது மேலே இருக்கிறவன் அதைத் தொட மாட்டான். தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதுகூட இல்லை. இந்தப் படகுக்கு வந்த எட்டு வருஷத்தில் மச்சினன் இருபது தடவையாவது இறங்கியிருப்பான். ஹேண்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குதித்திருக்கிறான்.

சுத்தியல் ஹேண்டிலைக் கழற்றினான். பெட்டியின் மேல் வைக்கப் போனான். மச்சினனின் தலைக்கட்டு கண்ணில் பட்டது. ஓரத்தில் புதிதாக ஒரு சிவப்புப் பொட்டு ஊறியிருந்தது. கட்டை அவன் காலடியில் கிடந்தது. மூன்று தடவை அடி வாங்கின மீனும் கிடந்தது.

கையை மடக்கிக்கொண்டான். அறுந்து கிடந்த நைலான் நரம்பில் ஒரு பாகம் எடுத்து, ஹேண்டிலைத் தன் இடுப்பில் கட்டினான்.

மச்சினன் முடிச்சு விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எதுக்கு மாமா?"

"கனம். சீக்கிரம் கீழ இழுக்கும்."

"சரி," என்றான் மச்சினன்.

கத்தியை வாயில் கவ்விக்கொண்டு சுத்தியல் குதித்தான். கீழே பச்சை வெளிச்சம். புதுச் சாயம் அடித்த அடிப்பலகை வழவழவென்று, பிடிக்க ஒன்றுமில்லாமல் இருந்தது. விசிறிக்கும் குழலுக்கும் நடுவே நரம்பு உருகி, கெட்டியாகி, கொம்பு மாதிரி இறுகியிருந்தது. அறுத்தான். மூச்சு வாங்க மேலே வந்தான். மறுபடியும் போனான். இடுப்பு இரும்பு ஒவ்வொரு அசைவுக்கும் பலகையில் 'டங்' என்று மோதியது. அந்தச் சத்தம் மேலே இருக்கிறவனுக்கும் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நாலாவது முறையில் கடைசிச் சுற்றை அறுத்தான். அறுந்த மறுகணம் அடியில் கிடந்த வஞ்சிரத்துக்கு விடுதலை. அது பாய்ந்தது. அதன் வாயில் ஒரு தூண்டில்தான் மாட்டியிருந்தது. பின்னால் தொங்கின இரண்டாவது தூண்டில் சுத்தியலின் வலது முன்கையில் ஏறியது. கையை மீன் இழுத்தது, உடம்பு கையோடு போயிற்று. ஹேண்டில் விசிறி இதழில் மாட்டி, இடுப்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று அவன் நடுவில் நீட்டிக் கிடந்தான். வாயிலிருந்த காற்றெல்லாம் கத்தலாகப் போயிற்று. பிறகு கையில் சதை கிழிந்தது. மீன் தூண்டிலோடு போயிற்று. தண்ணீர் சிவப்புக்கூட இல்லை, அந்த ஆழத்தில் பழுப்பாகப் புகைந்தது. மேலே வர உதைத்தபோது இடுப்பு லேசாக இருந்தது.

நைலான் ஈரத்தில் முடிச்சைப் பிடிக்காது. மூன்று சுற்றுப் போட்டுத்தான் முடிய வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவசரத்தில் அவன் ஒரு சுற்றுத்தான் போட்டிருந்தான். குனிந்து பார்த்தபோது இரும்பு கீழே, தள்ளாடித் தள்ளாடி, சின்னதாகிக்கொண்டே போயிற்று.

படகின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினான். மச்சினன் குனிந்து அவன் இடுப்பைப் பார்த்தான்.

"எங்க?"

"போச்சு."

"எது போச்சு?"

"ஹேண்டில்டா. முடிச்சு நழுவிருச்சு."

மச்சினன் கடலைப் பார்த்தான். பிறகு சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சுத்தியல் ஓரத்தில் முழங்காலை ஏற்றி உள்ளே சரிந்துகொண்டிருந்தபோது, சிரிப்பு நிற்பதற்கு முன்பே, மீன் கட்டை அவன் தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். மூன்றாவது முகத்தில். கன்னம் கிழிந்து உப்புத் தண்ணீர் எரிந்தது.

"இது சுத்தியலால அடிச்சதுக்கு இல்ல," என்றான் மச்சினன். மூச்சு வாங்கியது. "அத நான் நேத்தே விட்டுட்டேன். இது நீ இடுப்புல கட்டினதுக்கு."

எட்டு வருஷத்தில் அவன் முதல் தடவையாக 'நீ' என்றது அடியைவிடச் சுருக்கென்று பட்டது.

சுத்தியல் எழுந்தான். மச்சினனைவிட ஒன்றரை மடங்கு ஆள் அவன். இடது கை தானாக முஷ்டியானது. மச்சினனின் தாடை கைக்கு எட்டும் தூரத்தில், மறைக்காமல் நின்றது. ஒரு குத்து போதும். ஒரு கீறல் என்று அவள் சொன்னது காதில் கேட்டது. பெரியக்கா வீட்டுக் கதவு பச்சை நிறம். அது சாத்தியிருப்பதைப் பார்த்தான். முஷ்டியைத் தன் தொடைக்கே கொண்டுபோய் அழுத்தினான். நாலாவது அடி இடுப்பில் விழுந்தது. ஐந்தாவது தொடையில். மீன் சளியில் கால் வழுக்கி விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

"கட்டையைக் கீழ போடு," என்றான். "தண்ணி ஏறுது."

நரம்பு சுருட்டி நெருக்கினதில் குழல் ஆட்டம் கண்டிருந்தது. சொட்டு இப்போது விரல் கனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்பு இன்ஜின் ஓடினால்தான் ஓடும். செத்த மீன்கள் மெல்ல மிதக்கத் தொடங்கின. மச்சினன் கட்டையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், கட்டையை எறிந்துவிட்டு வாளியை எடுத்தான். அரை மணி நேரம் மாறி மாறி இறைத்தார்கள். இறைத்த அளவே உள்ளே வந்தது.

"கயிறு போட்டு இழுத்தா பிடிக்கும்," என்றான் மச்சினன்.

"பிடிக்கும். ரெண்டு ஆள் வேணும்."

"ரெண்டு ஆள்தான் இருக்கோம்."

இன்ஜினின் பெரிய சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒருவன் இழுக்க வேண்டும். இன்னொருவன் லிவரைத் தூக்கிப் பிடித்திருந்து, சக்கரம் வேகம் எடுத்த பிறகு விட வேண்டும். முன்னால் விட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் உதைக்கும். இழுக்கிறவன் கையையும் சேர்த்து வாரிக்கொள்ளும்.

"நீ இழு," என்றான் மச்சினன். "கனமான ஆளு. நான் லிவரப் பிடிக்கிறேன்."

சுத்தியல் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றினான். கிழிந்த கையில் ரத்தம் வழிந்து கயிறு நழுவியது. கையில் சுற்றக் கூடாது என்று தெரிந்தே உள்ளங்கையில் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டான். மச்சினன் லிவரைத் தூக்கிப் பிடித்தான்.

"ஒண்ணு கேக்கணும். பேக்கிங்கத் திறந்து பாத்தல்ல? நட்டுல நான் தடவாத கிரீஸ் இருந்துச்சு."

சுத்தியல் சக்கரத்தையே பார்த்தான். "பாத்தேன்."

"எத்தன வளையம்?"

"மூணு."

"வெட்டு?"

"மாத்தி மாத்தித்தான் இருந்துச்சு."

"எப்ப பாத்த?"

"நேத்தே. நீ வீட்டுக்குப் போன உடனே."

"ம்," என்றான் மச்சினன். "இழு."

இழுத்தான். சக்கரம் ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருக்கும். வேகம் இன்னும் வரவில்லை. லிவர் 'டக்' என்று விழுந்தது.

சக்கரம் உதைத்தது. கயிறு கையை வாரி இரும்பில் அடித்தது. பச்சை மூங்கில் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், பக்கவாட்டில் புடைத்து நின்றது. சுத்தியல் தண்ணீரில் உட்கார்ந்தான். முதலில் வலியே இல்லை. பிறகு வாந்தி எடுத்தான்.

"தெரிஞ்சா விட்ட?"

"தெரிஞ்சுதான்."

"சரியாப் போச்சா?"

மச்சினன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. "இல்ல," என்றான்.

இரை வெட்டுகிற பலகையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கைக்கு அடியில் வைத்து, தன் சட்டையைக் கிழித்துக் கட்டினான். மூன்று சுற்றுப் போட்டு முடிந்தான். பிறகு கயிற்றைச் சக்கரத்தில் சுற்றினான். அவன் கை உலர்ந்துதான் இருந்தது, நழுவாது. இருந்தாலும் முனையைத் தன் வலது உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.

"கையில சுத்தாத," என்றான் சுத்தியல்.

"லிவரப் பிடிங்க மாமா."

சுத்தியல் இடது கையால் லிவரைத் தூக்கினான். வலி இப்போது தோளைத் தாண்டித் தாடைக்கு வந்திருந்தது. பல்லைக் கடித்ததில் கன்னக் காயம் திறந்து வாய்க்குள் ரத்தம் இறங்கியது. ஒரு விரலைத் தளர்த்தினால் போதும். இன்ஜின் உதைத்தது என்று சொன்னால் கரையில் யாரும் மறுக்க முடியாது. அவளும்தான் என்ன சொல்லிவிட முடியும்? இரும்பு போட்ட கீறல் அவன் கை போட்டதாகாது.

மச்சினன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. லிவரையும் பார்க்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் கால் ஊன்றி, முதுகைக் காட்டி நின்றான். தலைக்கட்டின் முடிச்சு பின்கழுத்தில் ஈரமாகத் தொங்கியது. இரும்பை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டவனிடம், அவன் தன் கையைக் கட்டிக் கொடுத்துவிட்டு நின்றான்.

"இழு," என்றான் சுத்தியல்.

ஒரு சுற்று. இரண்டு. சுத்தியல் லிவரை விடவில்லை. மூன்று. சக்கரம் முனக ஆரம்பித்தது. நாலு. விட்டான்.

இன்ஜின் தும்மியது. கரும்புகை ஒரு கட்டி வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. கயிறு தானாகக் கழன்று மச்சினன் கையோடு வந்தது. பம்பு வாய் இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. இருவரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதில் ஏதோ இருக்கிற மாதிரி.

கரை வந்து, மேடைக்காரர்கள் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முன்கையில் பதினொரு தையல் போட்டு, முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு அவர்கள் வீட்டுக்கு வரும்போது மத்தியானம் சாய்ந்திருந்தது. செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பெண்டாட்டி வாசலில் நின்றாள்.

முதலில் தம்பியை நிறுத்தினாள். முன்னால், பின்னால் திருப்பினாள். கையை விரித்துப் பார்த்தாள். கட்டு அவிழ்த்துக் காயத்தையும் பார்த்தாள். பழையதைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு கணவனிடம் வந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. கன்னம் பழம் மாதிரி வீங்கியிருந்தது.

"என்ன இது?"

"இன்ஜின் உதைச்சிருச்சு."

"கையச் சரி. மூஞ்சியையும் இன்ஜின்தான் உதைச்சுதா?"

"ஆமா."

"எந்திரிச்சு வந்து உதைச்சுதோ?"

"நான்தான்கா," என்றான் மச்சினன். "கட்டையால அடிச்சேன். லிவரையும் நான்தான் முன்னாடி விட்டேன். மாமா திருப்பிக் கை ஓங்கல."

அவள் உள்ளே போனாள். ஆணியில் தொங்கின தம்பியின் பையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். "என் புருஷன் கைய ஒடிக்கிறதுக்கா உனக்கு எட்டு வருஷமா ஆக்கிப் போட்டேன்? போ."

அவன் பையை வாங்கிக்கொண்டான். மகள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "மாமா, எங்க போற?" என்றாள். அவன் பையைத் தோளில் மாட்டினான்.

சுத்தியல் நிலைப்படியைப் பிடித்தான். வாயைத் திறந்தால் கன்னம் வலித்தது. "அவன் வச்ச பேக்கிங் சரியாத்தான் இருந்துச்சு," என்றான். "நேத்து அடிச்ச உடனேயே திறந்து பாத்தேன். பாத்துட்டு மூடிட்டேன். உன்கிட்டயும் சொல்லல."

பெண்டாட்டி அவனைப் பார்த்தாள். அவன் சட்டையில் காய்ந்த ரத்தம், மீன் செதில், மாவுக்கட்டுத் தூள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். அவள் அளக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"அப்போ நீங்களும் வெளிய," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பை. தெருவில் போனவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, "என்ன, ரெண்டு பேரும் காத்து வாங்குறீங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் பார்த்துவிட்டு அவரும் போய்விட்டார்.

"பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுவாளா?" என்றான் சுத்தியல்.

"போறதா இருந்தா நம்மள ஏன் வெளிய தள்ளுறா," என்றான் மச்சினன். "அவளும் பொண்ணுமில்ல வெளிய வந்திருப்பாங்க."

சுத்தியல் அதை யோசித்தான். சரியாகத்தான் பட்டது.

வெயில் படியை விட்டு இறங்கின பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு தட்டு அகலத்துக்குத் திறந்தது. ஒரு தட்டுச் சோறு வெளியே வந்தது. கதவு மூடியது. இன்னொரு தட்டு வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். வரவில்லை.

மச்சினன் தட்டை மடியில் வைத்துக்கொண்டான். சுத்தியல் தன் மாவுக்கட்டைப் பார்த்தான், இடது கையைப் பார்த்தான். மச்சினன் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினான்.

"வாயத் திறங்க மாமா," என்றான். "பாத்து. விரலக் கடிச்சிடாதீங்க. கீறல் விழுந்தா அக்கா எண்ணும்."

சுத்தியல் வாயைத் திறந்தான்.